இருநூற்றிருபது மில்லி அரிசி

மதுரை
14 நவம்பர் 2024

மகா,

கவரின் மேல் அனுப்புநர் பெயர் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருப்பாய். இப்போது பிரித்துவிட்டாய், முடிவு வரை படித்துவிட்டு அடுப்பில் போடு. நான் கலைமணி.

செவ்வாய்க்கிழமை நீ எங்கள் கிளினிக்குக்கு வந்திருந்தாய். மூன்று வருஷமாக நான் இங்கேதான் நர்ஸ் என்பது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மதுரையில் வேறு டாக்டரே இல்லையா என்று போயிருப்பாய். உன் பெயரைக் கூப்பிட வேண்டியவள் நான்தான். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஐந்து வருஷமாகச் சொல்லாத பெயர். கூட வேலை பார்க்கிற ஷர்மிளாவிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே நின்று அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. ஊசிப் பெட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு உன் ஃபைல் எடுத்து வைக்க என்னிடம் வந்தது. மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன். சிலிகான், உருண்டை வடிவம், பக்கத்துக்கு முந்நூறு மில்லி, தசைக்கு அடியில். இதெல்லாம் டாக்டரம்மாவின் கையெழுத்து. உன் உடம்பு, உன் விருப்பம், அதைப் பற்றிப் பேச நான் எழுதவில்லை.

தொழில் என்ற இடத்தில் ‘ஹோட்டல் ரிசப்ஷனிஸ்ட்’ என்று எழுதியிருக்கிறாய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ கொடைக்கானல் ஹோட்டலில் உட்கார்ந்தது ஒரே ஒரு சீசன், அதுவும் இரண்டு மாசம். உன் அப்பாவுக்கு இடுப்பு போன பிறகு உங்கள் பூண்டுக் காட்டில் மண்வெட்டி பிடிப்பது நீதான் என்று நம் தோழி முருகேஸ்வரி சொல்லியிருக்கிறாள். நாள் முழுக்க நாற்காலியில் இருந்து சாவி எடுத்துக் கொடுக்கிற பெண் என்று நினைத்துத்தான் டாக்டரம்மா தசைக்கு அடியில் என்று எழுதியிருக்கிறார். மண் வெட்டுகிறவளுக்கு அது சரிப்படுமா என்று நீதான் அவரிடம் கேட்க வேண்டும். நான் போய்ச் சொன்னால், உன் ரகசியத்தை இரண்டாவது தடவை சபையில் போட்டவள் ஆவேன்.

நோயாளிக்கு நர்ஸ் இப்படித் தனியாக எழுதக் கூடாது. உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய், வேறு வழியில்லை. முகவரியை ஃபைலிலிருந்து எடுக்கவில்லை. அது எனக்கு மனப்பாடம்.

கலை


பூண்டி
25 நவம்பர் 2024

கலைமணிக்கு,

நீ சீட்டோடு நின்றதையும் பார்த்தேன், கதவைச் சாத்தியதையும் பார்த்தேன். எழுந்து போகாததற்கு ஒரே காரணம், அன்றைக்கு இரண்டு பஸ் மாறி ஆறு மணி நேரம் வந்திருந்தேன். உனக்காக அதை வீணாக்குவதா என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆயக்குடியில் முருகேஸ்வரி கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். எனக்கு அந்த அறையின் சுவர் நிறம் வரை நினைவிருக்கிறது. பொம்பளைகள் பத்துப் பதினைந்து பேர் சேலை மாற்றிக்கொண்டிருந்தோம். கொடைக்கானல் ஹாஸ்டலில் ஏழு வருஷம், நான் சட்டைக்குள் பஞ்சு வைப்பது உனக்கு மட்டும்தான் தெரியும். “எங்க மகாதேவிக்கு பஞ்சு மில்லுக்காரன் வீட்டுல மாப்பிள்ளை பாருங்க, இவ சட்டைக்கே மாசம் ஒரு பொதி ஆகும்” என்றாய். அறையே சிரித்தது. அன்றைக்கு எனக்குப் பேசிக்கொண்டிருந்த ஒட்டன்சத்திரத்து இடம் அதன் பிறகு வரவில்லை. அது போகட்டும், அவர்கள் மேல் எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன் கலைமணி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

படிவத்தில் பொய் எழுதினேன், ஆமாம். மண்வெட்டி பிடிக்கிறவளுக்கு வந்த ஆசையைப் பார் என்று அங்கே யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயம். கையைக்கூடத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன், காய்ப்புத் தெரியக் கூடாதென்று. டாக்டரம்மா நல்லவர்தான். படம் போட்டு, பொம்மையை வெட்டிக் காட்டி, அரைமணி நேரம் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்து பார்த்தால் ஒன்றும் தலையில் நிற்கவில்லை. உள்ளே சட்டை இல்லாமல் நின்றபோது காது அடைத்துப்போனது.

அதனால் கேட்கிறேன். உன்னிடம் கேட்கிறேன் என்பதே எனக்குக் கசக்கிறது. அந்த வகைகளுக்கெல்லாம் என்ன வித்தியாசம்? தசைக்கு அடியில் வைத்தால் எனக்கு என்ன ஆகும்? பதில் மட்டும் எழுது. மற்றது எதுவும் எழுதாதே.

மகாதேவி


மதுரை
2 டிசம்பர் 2024

மகாதேவிக்கு,

மற்றது எதுவும் எழுதாதே என்றாய். சரி, வகுப்பு எடுக்கிறேன்.

உள்ளே வைப்பதில் இரண்டு சாதி. ஒன்று உப்புத் தண்ணீர் நிரப்பியது. கிழிந்தால் ஒன்றிரண்டு நாளில் சுருங்கிவிடும், கண்ணாடியில் பார்த்தாலே தெரியும், தண்ணீர் உடம்போடு போய்விடும். ஆனால் உன்னைப் போல ஒல்லியானவளுக்குத் தோலுக்கு மேல் சுருக்கம் சுருக்கமாகத் தெரியும். இன்னொன்று சிலிகான், கூழ் மாதிரி. தொட்டால் உடம்பு மாதிரியே இருக்கும். கிழிந்தால் சத்தம் போடாது, வெளியே தெரியாது. அதனால் ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதை வைத்தாலும் ஆயுளுக்கும் இருக்கும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. பத்துப் பதினைந்து வருஷத்தில் இன்னொரு ஆபரேஷன் வரலாம். அதையும் சேர்த்துத்தான் இன்றைக்கு முடிவு செய்ய வேண்டும்.

வடிவம் இரண்டு. உருண்டை, சொட்டு. சொட்டு வடிவம் மேலே மெலிந்து கீழே தடித்து இயற்கையாக இருக்கும் என்பார்கள். அது உள்ளே திரும்பிக்கொண்டால் கோணலாகிவிடும், அதனால் திரும்பாமல் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பான உறை போடுவார்கள். அந்தச் சொரசொரப்பு உறையில் சிலருக்கு, மிக அபூர்வமாக, ஒரு வகைப் புற்றுநோய் வந்திருக்கிறது. எங்கள் டாக்டரம்மா அதைத் தொடுவதே இல்லை. வழவழப்பான உருண்டைதான். உருண்டை எப்படித் திரும்பினாலும் உருண்டைதானே.

பால் கொடுக்க முடியுமா என்று நீ கேட்கவில்லை. மார்பின் கீழ்மடிப்பில் வெட்டி வைத்தால் பெரும்பாலும் முடியும், உறுதி சொல்ல முடியாது.

இப்போது உன் கேள்வி. நெஞ்செலும்புக்கு மேல் ஒரு தசை விசிறி மாதிரி விரிந்திருக்கிறது. அதற்கு அடியில் வைத்தால் ஓரம் தெரியாது, பார்க்க நன்றாக இருக்கும். அதனால்தான் ஒல்லியானவர்களுக்கு அதையே சொல்வார்கள். உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்குச் சிக்கல் குறைவு. நீ ஒரு காரியம் செய். மண்வெட்டியை ஒரு கையால் இழு, இன்னொரு கையை நெஞ்சில் வை. உள்ளங்கைக்குக் கீழே ஒன்று இறுகி எழும். அடியில் இருப்பதை அது ஒவ்வொரு வெட்டுக்கும் அமுக்கும், வருஷக்கணக்கில் பக்கவாட்டில் தள்ளும். தசைக்கு மேலே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் விரலால் தடவினால் ஓரம் தட்டுப்படலாம், சுற்றிலும் தழும்பு கெட்டிப்பட்டு இறுகும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். இரண்டிலும் குறை உண்டு. எந்தக் குறையோடு நீ வாழ முடியும் என்பதுதான் கேள்வி.

அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன், இங்கே எல்லாருக்கும் சொல்வது. மெல்லிய காலுறையில் பச்சரிசியை மில்லி கணக்கில் அளந்து போட்டுக் கட்டு. தட்டையாக்கி, இறுக்கமான பாடிக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உன் வேலையைப் பார். கண்ணாடி முன் நின்று பார்க்காதே, கண்ணாடி ஆசை காட்டும். வேலை செய்து பார்.

கலைமணி


பூண்டி
18 டிசம்பர் 2024

கலை,

அரிசி கட்டினேன். கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு ஜோடிக் காலுறை வாங்கினேன். மில்லி அளக்க வீட்டில் வேறு என்ன இருக்கிறது? பூண்டுக்கு மருந்தடிக்கும்போது அளந்து ஊற்றுகிற பிளாஸ்டிக் கப்பில் கோடு கோடாக மில்லி போட்டிருக்கும். அதைக் கழுவி அளந்தேன்.

இந்த மாசம் முழுக்கப் பனிமூட்டம். காலையில் வெள்ளனே காட்டின் மேல்தட்டுக்குப் போனால் நீட்டிய கையே தெரியாது. காட்டெருமை மூச்சு விடுவது கேட்கும், எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. அந்த மூட்டத்துக்குள் நான் முந்நூறு மில்லியோடு நடந்தேன். ஸ்வெட்டர் போடவில்லை. சட்டை மட்டும். குளிர் தெரியவே இல்லை கலை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், யாருக்கும் சொன்னதில்லை. பதினான்கு வயசிலிருந்து எனக்கு ஒரே கனவு வரும். நான் பனிக்குள் நடந்துபோவேன், எதிரே ஒருத்தி வருவாள். நடை என்னுடையது, முகம் என்னுடையது, உடம்பு மட்டும் நிறைந்திருக்கும். அவள் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போவாள். விடியும்போது எழுந்து நெஞ்சைத் தடவிப் பார்ப்பேன். பதினைந்து வருஷமாக அப்படித்தான் விடிகிறது. டாக்டரம்மா கல்யாணத்துக்காகவா என்று கேட்டார். இல்லை என்றேன், நம்பவில்லை என்று நினைக்கிறேன். இந்தக் கனவையா சொல்ல முடியும்?

அந்தக் காலையில் மேல்தட்டில் நின்று திரும்பியபோது, கனவில் வருகிறவள் எதிரே வரவில்லை. நானே அவளாக நின்றேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் நின்றேனோ, கீழே அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கேயோ வேறு ஊரில் கூப்பிடுவது மாதிரிக் கேட்டது.

பிறகு களையெடுக்கக் குனிந்தேன். முந்நூறு என்னை முன்னால் இழுத்தது. மதியத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. அடுத்த நாள் இருநூற்றைம்பது. இப்போது இருநூற்றிருபதில் இருக்கிறேன். மண்வெட்டியோடு சண்டை போடவில்லை. கையை வைத்தும் பார்த்தேன், நீ சொன்ன தசை பாம்பு மாதிரி எழுகிறது.

நெஞ்சில் கொஞ்சம் அரிப்பாக இருக்கிறது, காலுறை நூலாக இருக்கும்.

போனில் பேசலாமே என்று நினைக்காதே. குரல் கேட்டால் கோபம் போய்விடும். இன்னும் கொஞ்ச நாள் அது இருக்கட்டும்.

மகாதேவி


மதுரை
24 டிசம்பர் 2024

அடி மடச்சி,

பூச்சிமருந்துக் கப்பில் அளந்த அரிசியை நெஞ்சில் கட்டிக்கொண்டா பத்து நாள் அலைந்தாய்? அரிப்பு வராமல் என்ன செய்யும்? அந்த அரிசியைக் கோழிக்குக்கூடப் போடாதே, புதைத்துவிடு. காலுறையை எரி. சோப்புப் போட்டுக் குளி. இதோடு ஒரு அளவுக் கப்பு அனுப்பியிருக்கிறேன், புதுக் காலுறையும். தடிப்பு இருந்தால் வெரசாகக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போ.

இப்போது நீ எழுதாதே என்று சொன்னதை எழுதப் போகிறேன். கனவைச் சொன்னவளுக்கு நான் இதையாவது சொல்ல வேண்டும்.

ஆயக்குடியில் அன்றைக்குக் காலையில் பந்தியில் உட்காரப் போனேன். ஒரு அம்மா, யாரென்று தெரியாது, “இது யாரு, அந்த சிலோன் காலனிப் பிள்ளையா? செத்த பொறுத்து உக்காரட்டுமே” என்றாள். எங்கள் அப்பா சின்ன வயசில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். நான் பிறந்தது கொடைக்கானல் ஆஸ்பத்திரியில். இருந்தாலும் அந்தப் பந்தியில் எனக்கு இடமில்லை. நீ சமையல்கட்டில் இருந்தாய், உனக்குத் தெரியாது. பிறகு அந்த அறைக்குள் வந்தபோது அதே அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். அவர்களைச் சிரிக்க வைத்தால் என்னையும் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. கையில் வேறு எதுவும் இல்லை. உன்னை எடுத்துப் போட்டேன். சேர்த்துக்கொண்டார்கள். “வாயாடிக் கழுதை” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள் அந்த அம்மா.

இது சாக்கு இல்லை. எனக்கு வலித்ததென்று உன்னை வலிக்கவைத்தேன், அவ்வளவுதான். தப்பு செய்தேன் மகா. ஐந்து வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

கலை


பூண்டி
16 ஜனவரி 2025

கலை,

தடிப்பு அடங்கிவிட்டது. உன் கடிதத்தை மூன்று வாரமாக வைத்துக்கொண்டு பதில் எழுத வரவில்லை. நீ பந்தியில் நின்றது எனக்குத் தெரியாமல் போனதே என்று ஒரு நாள் வருத்தமாக இருக்கும், அதற்காக என்னையா விற்பாய் என்று மறுநாள் கோபம் வரும். மன்னித்துவிட்டேனா தெரியவில்லை. நான் சிரித்ததை மட்டும் இப்போது கொஞ்சம் மன்னிக்க முடிகிறது. நானும் அன்றைக்குச் சேர்ந்துகொள்ளத்தானே சிரித்தேன்.

போகிக்கு வீடு ஒதுக்கும்போது புதுக் காலுறையில் கட்டிய அரிசி மூட்டை இரண்டையும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். நான் காட்டிலிருந்து வந்து பார்க்கிறேன், முருகன் படத்துக்கு முன்னால் இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, விளக்கேற்றி. “கல்யாணத்துக்குத்தானடி பழனிக்கு நேந்து முடிஞ்சு வச்சிருக்க? நீயாச் சொல்லாட்டி ஆத்தாளுக்குத் தெரியாதா?” என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். காலுறைக்குள்ளா நேந்துகொள்வார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் குங்குமம் வைத்த அந்த இரண்டையும் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. சொல்லிவிட்டேன். மதுரை, டாக்டரம்மா, சிலிகான், எல்லாம். என் சொந்தப் பணம் என்பதையும் சொன்னேன். அம்மா எழுந்து போய் விளக்கை அணைத்தாள். பொங்கல் முடியும் வரை என்னோடு பேசவில்லை. அரிசியை மட்டும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிப் பொங்கலில் போட்டுவிட்டாள், சாமி முன்னால் வைத்ததை வீணாக்கக் கூடாதாம்.

இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். பாத்தியில் எதிரெதிரே உட்கார்ந்து களையெடுத்துக்கொண்டிருந்தோம். மூட்டம், அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. “ஒனக்கு நாங் குடுக்கப் பாலு இல்ல. டப்பாப் பாலுதான் குடிச்ச. அதனாலதான் ஒனக்கு வளராமப் போச்சுன்னு நெனச்சு நெனச்சு இத்தன வருசமா வெந்துக்கிட்டிருக்கேன். ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல” என்றாள். நான் என் குறை என்று மறைத்ததை அவள் தன் குறை என்று மறைத்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாத்தியில். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னேன், எனக்கும் தெரியாது. சம்பந்தமில்லைதானே? நர்ஸாக இருந்து ஒரு வரி எழுது, அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

கடைசியில், “வலிக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

மகா


மதுரை
22 ஜனவரி 2025

சின்னத்தாயி அம்மாவுக்கு,

டப்பாப் பால் குடித்ததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிலருக்கு உடம்பு வாகே அப்படி. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இதை எங்கள் டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் சொல்லாமல் கேட்டேன். வலி நான்கைந்து நாள் இருக்கும், பிறகு குறையும்.

மகா, இதை இப்படியே படித்துக் காட்டு. பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வா. டாக்டரம்மாவிடம் பேச வேண்டியதை நீ பேசு. நான் அறையில் இருப்பேன், வாய் திறக்க மாட்டேன்.

கலை


பூண்டி
20 பிப்ரவரி 2025

கலை,

நீ சுவரோரம் பிரஷர் மிஷினோடு சிலை மாதிரி நின்றாய். நானும் உன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பேச வந்தது மறந்துபோயிருக்கும்.

இந்தத் தடவை கையைத் துப்பட்டாவுக்குள் மறைக்கவில்லை. இரண்டு கையையும் மேசை மேல் வைத்து, “நான் ரிசப்ஷனிஸ்ட் இல்லைங்க டாக்டர், பூண்டுக் காட்டுல மம்பட்டி பிடிக்கிறவங்க” என்றேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் இப்படி எழுதியே இருக்க மாட்டேனேம்மா” என்று பழைய தாளைக் கிழித்தார். யாரும் சிரிக்கவில்லை.

வழவழப்பான உருண்டை, சிலிகான், இருநூற்றிருபது. தசைக்கு மேல், தசையைப் போர்த்தியிருக்கிற மெல்லிய ஜவ்வுக்கு அடியில். ஓரம் விரலுக்குத் தட்டுப்படும், கெட்டிப்பட்டால் திரும்ப வர வேண்டியிருக்கும், அதற்கெல்லாம் சம்மதமா என்று மூன்று தடவை கேட்டார். விரலுக்குத் தட்டுப்பட்டால் என்ன, என் விரல்தானே என்றேன். இரண்டு கிலோ எடை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். அம்மா தினமும் நெய்யை ஊற்றுகிறாள்.

பூண்டு பிடுங்கி முடித்து மார்ச் 25 ஆபரேஷன். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, வைகாசி நடவுக்குச் சரியாக இருக்கும். எனக்கு நெஞ்சில் ஒரு கட்டி, அதை எடுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் அம்மாவே சொல்லிவிட்டாள். அவளால் அப்பாவை விட்டு வர முடியாது. கூட இருக்க ஒருத்தர் வேண்டுமாம். படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வந்திருக்கிறேன். நீ எப்படியும் அங்கேதானே இருப்பாய்.

மகா


மதுரை
26 மார்ச் 2025

மகா,

நீ தூங்குகிறாய். இதை உன் பைக்குள் வைக்கிறேன், ஊருக்குப் போய்ப் படி.

நேற்று நான் லீவு போட்டேன். மூன்று வருஷத்தில் எத்தனை பேரை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், வெளியே நாற்காலியில் உட்கார்ந்தது நேற்றுத்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு நிமிஷமும் எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. ஷர்மிளா வந்து, “அக்கா, தண்ணியாவது குடிங்க” என்றாள். கூட இருப்பவர்களுக்கு இனிமேல் நானும் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் பாதி தெளிந்தபோது உன்னிடம், “மகா, எங்க இருக்க?” என்று கேட்டேன். “மேல்தட்டுல. மூட்டமாக் கெடக்கு. நீ பாத்து வா” என்றாய். வருகிறேன் என்று சொன்னேன்.

கலை


பூண்டி
11 மே 2025

அன்புக் கலை,

ஆறு வாரம் முடிந்து இன்றோடு ஐந்து நாள். மண்வெட்டியை நேற்றுத்தான் தொட்டேன், டாக்டரம்மா சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளே எதுவும் நகரவில்லை. விரலுக்கு ஓரம் தட்டுப்படுகிறது, வெளிப்பக்கம், கீழே. இடது பக்கத் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. நிமிர்ந்தால் சில சமயம் சுருக்கென்கிறது. கனவு நின்றுவிட்டது. கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருக்கிறது, அவளை இனிப் பார்க்க முடியாதே என்று.

ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை கலை! இத்தனை பயந்தேன். பக்கத்துக் காட்டுப் பொன்னுத்தாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மதுரைத் தண்ணி ஒனக்கு ஒத்துக்கிருச்சு மகாதேவி, மொகம் தெளிஞ்சிருக்கு” என்றாள். அவ்வளவுதான். முகமாம்.

இன்றைக்கு அம்மா எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்றாள். இத்தனை வாரமும் கட்டு மாற்றும்போதுகூட அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். குளிக்கிற இடத்தில் ஆவி நிறைந்திருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தலைக்குத் தேய்த்தாள், தோளுக்குத் தேய்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். ஆயக்குடி அறை, கிளினிக், எல்லாவற்றையும் விட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சில் வழிந்த எண்ணெயைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“ஏண்டி, இம்புட்டுத் தூரம் போயி, இம்புட்டு வலியவும் தாங்கிட்டு வந்திருக்க. இன்னுங் கொஞ்சம் பெருசாத்தான் வச்சுக்கிறது?” என்றாள்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தழும்பு இழுக்க இழுக்கச் சிரித்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியிலிருந்து அப்பா, “என்னா அங்க சத்தம்?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லைங்க, பொம்பளைக சோலி” என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் சிரித்தாள். வாளித் தண்ணீர் ஆறிப்போகும் வரை சிரித்துக்கொண்டிருந்தோம், கலை.

மகா